பறக்கும் வளையம் செய்தவரின் காபிக் குழாய்

கலிஃபோர்னியாவில் கடலைப் பார்த்து நிற்கும் ஃபோர்ட் ஃபன்ஸ்டன் மேட்டிலிருந்து 1986இல் ஒருவர் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வீசினார். அது 1,257 அடி பறந்து விழுந்தது. மனிதன் கையால் எறிந்த பொருள்களில் அதுவரை எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை என்று கின்னஸ் பதிவு செய்தது. 2003இல் அதே இடத்தில், அதே வகை வளையத்தை வைத்தே, 1,333 அடி என்று அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது. வளையத்தின் பெயர் ஏரோபி. வடிவமைத்தவர் ஆலன் அட்லர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவர். நாற்பது காப்புரிமைகள் அளவில் தம் பெயரில் வைத்திருப்பவர்.

இன்று மலையேறுகிறவர்கள், கேரவனில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், சைக்கிளில் நாடு கடக்கிறவர்கள் எனப் பலருடைய பையில் இருக்கும் ஏரோபிரஸ் என்கிற காபிக் குழாயைச் செய்தவரும் இவரே. குழாயின் கதையை வளையத்திலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. தட்டு வடிவப் பொருளை எறிந்தால் காற்று அதன் முன்பக்கத்தை ஒரு விதமாகவும் பின்பக்கத்தை வேறு விதமாகவும் தூக்கும். அதனால் சற்று தூரம் போனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அட்லர் தட்டின் நடுப்பகுதியையே எடுத்துவிட்டு மெல்லிய வளையமாக்கினார். விளிம்பில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்கு ஒரு சிறு உதடு வைத்தார். முன்னும் பின்னும் தூக்கல் சமமாகிவிட்டது. எதைக் கூட்டலாம் என்று பார்க்காமல் எதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிற மனம் அது. காபிக்கு வந்தபோதும் அந்த மனத்தோடுதான் வந்தார்.

2004 வாக்கில் நடந்தது இது. விருந்துச் சாப்பாட்டின்போது, ஏரோபி நிறுவனத்தின் மேலாளர் ஒருவருடைய மனைவி அட்லரிடம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் இருக்கும் காபி மெஷின் ஆறு, எட்டு கோப்பைக்கானது. தனக்கு மட்டும் ஒரே ஒரு கோப்பை வேண்டுமென்றால் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. அட்லருக்கும் அதே குறை இருந்தது. கூம்பு வடிவ வடிகட்டியில் தாள் போட்டு, தூள் போட்டு, வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் தன் எடையால் மட்டுமே இறங்க வேண்டியிருந்ததால் நான்கைந்து நிமிடம் எடுத்தது. அத்தனை நேரம் ஊறிய தூளிலிருந்து கசப்பும் சேர்ந்தே இறங்கியது. நேரத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு மேலிருந்து எதுவாவது தள்ள வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். தள்ளுவதற்குக் காற்றையே வைத்துக்கொண்டார்.

டஜன் கணக்கில் மாதிரிகள் செய்து பார்த்த பிறகு நின்ற வடிவம் இதுதான்: கீழே துளைத்தட்டு திருகிய ஒரு குழாய். தட்டுக்குள் வட்டமாக வெட்டிய சிறு வடிதாள். குழாய்க்குள் இறங்கும் இன்னொரு குழாய். அதன் நுனியில் காற்றுப் போகாதபடி இறுகப் பிடிக்கும் ரப்பர் மூடி. நம் வீட்டு முறுக்கு அச்சைப் பிழிந்த கைக்கு இதைப் பழக்கவே வேண்டாம். ஒரே வேறுபாடு, அச்சில் கட்டை மாவை நேராகத் தொட்டு அழுத்தும். இங்கே ரப்பர் மூடிக்கும் காபிக்கும் நடுவில் காற்று இருக்கிறது. கை காற்றை அழுத்துகிறது, காற்று தண்ணீரை அழுத்துகிறது. அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பரவுவதால் ஓரிடத்தில் மட்டும் தூளைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் ஓடிவிடுவதில்லை.

தண்ணீரின் சூட்டையும் மாற்றி மாற்றிச் சுவைத்துப் பார்த்தார் அட்லர். கொதிநிலையை ஒட்டிய சூட்டில்தான் காபி போட வேண்டும் என்பது தொழிலில் இருந்தவர்கள் சொன்னது. அவருக்கோ 80 டிகிரி செல்சியஸ் அளவில் போட்டதுதான் கசப்பு குறைந்து இனிமையாக இருந்தது. குழாயோடு வந்த குறிப்பிலும் அதையே அச்சிட்டார். லேசாக வறுத்த கொட்டைக்கு அந்தச் சூடு போதாது என்று காபிக்காரர்கள் பிறகு வாதிட்டார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த 80 என்ற எண் பிற்பாடு வேறோர் இடத்தில் போய்ப் பயன்பட்டது. அதற்கு வருகிறேன்.

2005 நவம்பரில் சியாட்டிலில் நடந்த காபிக் கண்காட்சியில் ஏரோபிரஸ் முதன்முதலாக மேடைக்கு வந்தது. வரவேற்பு பெரிதாக இல்லை. பித்தளையும் எஃகும் பளபளக்கிற ஊரில் விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்று பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எஸ்பிரெஸோவும் இதில் போடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது காபிக்காரர்களின் சந்தேகத்தைக் கூட்டியிருக்கும். எஸ்பிரெஸோ எந்திரம் தண்ணீரை ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. ஓர் ஆள் கையை ஊன்றி அழுத்தினால் ஒரு பாரைக்கூட எட்டுவது கடினம். இதில் வருவது எஸ்பிரெஸோ ஆகாது. கெட்டியான, தெளிவான, கசடில்லாத காபி வருகிறது. அதுவே போதுமான பெருமை.

ஓஸ்லோக்காரர்கள் அந்தப் பெருமையைக் கண்டுகொண்டார்கள். 2004இன் உலக பாரிஸ்டா சாம்பியனான டிம் வெண்டல்போவும் அவரோடு வேலை செய்த டிம் வார்னியும் 2008இல் ஒரு போட்டி வைத்தார்கள்: ஏரோபிரஸில் யார் நல்ல காபி போடுவது என்று. வந்தவர்கள் மூன்றே பேர். பெயரோ உலக ஏரோபிரஸ் சாம்பியன்ஷிப். பத்தாண்டுக்குள் அறுபது நாடுகளைத் தொட்டுவிட்டது அந்தப் போட்டி. இந்தியாவிலும் தேசிய அளவில் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் வென்றவரின் செய்முறையை வெளியிடுகிறார்கள். எத்தனை கிராம், எவ்வளவு சூடு, எத்தனை வினாடி, கலக்கினாரா, குழாயைத் தலைகீழாக வைத்தாரா என்று எல்லாம் எழுதியிருக்கும். மலிவான ஒரு பிளாஸ்டிக் சாமானைச் சுற்றி இத்தனை அக்கறை திரண்டது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிற விஷயம். காசு உள்ளவனும் இல்லாதவனும் அந்த மேடையில் ஒரே குழாயோடுதான் நிற்கிறார்கள்.

ஆனாலும் இந்தக் குழாயின் உண்மையான வாழ்க்கை போட்டி மேடையில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. சமையலறைக்காகப் பிறந்த ஒரு பொருள் சமையலறையை விட்டு வெளியேறிய பிறகுதான் தன் இடத்தைக் கண்டுகொண்டது. வெட்டவெளியில் காபி போடுவதற்கு அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். அமெரிக்க மேய்ச்சல்காரர்கள் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தூளை அள்ளிப் போட்டு, கசடு அடங்கட்டும் என்று காத்திருந்து குடித்தார்கள். கடைசி வாய் எப்போதும் மண்ணாகத்தான் இருக்கும். 1933இல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெட்டியின் பட்டறை மோக்கா பாத்திரத்தைக் கொண்டுவந்தது. அடுப்பில் வைத்தால் கீழ் அறையின் நீராவி, தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும் எண்கோண அலுமினியப் பாத்திரம். கேரவன் அடுப்புக்கு அது இன்றும் நல்ல துணை. காபியும் காரமாக வரும். ஆனால் ஒருமுறை போட்டதும் பாத்திரம் கைவைக்க முடியாமல் சுடும். ஆறின பிறகு திருகிப் பிரித்து, சக்கையைத் தட்டி, மூன்று பாகங்களையும் கழுவ வேண்டும். பிரெஞ்ச் பிரஸ்ஸில் கண்ணாடி உடையும். வலையில் ஒட்டிய சக்கையைக் கழுவவே ஒரு செம்பு தண்ணீர் போய்விடும். இதெல்லாம் வேண்டாம் என்றவர்கள் இன்ஸ்டன்ட் தூளைக் கரைத்துக் குடித்தார்கள்.

முகாமில் அருமையான பொருள் காபித் தூள் அல்ல, தண்ணீர். ஓடையிலிருந்து தூக்கி வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் கேரவன் தொட்டியில் அளந்து வைத்ததாக இருக்கும். ஏரோபிரஸில் ஒரு கோப்பைக்கு 200, 250 மில்லி போதும். குடித்த பிறகு துளைத்தட்டைத் திருகி எடுத்துவிட்டு உள்குழாயை ஒரு தள்ளு தள்ளினால் சக்கை வில்லையாகக் கெட்டிப்பட்டு வெளியே விழும். ரப்பர் மூடி போகிற வழியில் குழாயின் உட்சுவரைத் துடைத்துக்கொண்டே போகிறது. மிச்சத்துக்கு ஒரு மடக்கு தண்ணீர், அல்லது ஒரு துணி. அட்லர் இதைக் காட்டுக்கென்று யோசித்துச் செய்யவில்லை. காற்றுப் போகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தார். அந்த இறுக்கம்தான் கழுவும் வேலையைத் துடைத்தெறிந்தது. மின்சாரம் வேண்டாம், தவறி விழுந்தால் உடையாது, எடை கால் கிலோவுக்குக் கீழே.

இனி அந்த 80 டிகிரி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியில் கொதிக்கிறது. லேவில் 88 வாக்கில். 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் 82, 83. அங்கே எவ்வளவு நேரம் அடுப்பை எரித்தாலும் அதற்கு மேல் தண்ணீர் சூடாகாது. கொதிநீரை நம்பியிருக்கிற முறைகள் எல்லாம் அங்கே தடுமாறும். காபி புளித்து, சாரமில்லாமல் இறங்கும். ஏரோபிரஸ் அதே உயரத்தில் தன் குறிப்பில் எழுதியிருக்கிற சூட்டுக்கு மேலேயே தண்ணீரைப் பெறுகிறது. சூடு குறைந்தால் தூளைச் சற்று மெலிதாக அரைத்து, இன்னொரு நிமிடம் ஊறவிட்டு, நன்றாகக் கலக்கினால் ஈடுகட்டிவிடலாம். ஊறும் நேரம் நம் கையில் இருப்பதால் இது முடிகிறது. நம் பித்தளை ஃபில்டரில் அந்த வசதி இல்லை. வீட்டில் அதற்கு இணையில்லை; ஆனால் மலைக்குளிரில் கால் மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் பித்தளை தன் சூட்டையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிடும்.

நம்மவர்களுக்குக் காபி என்றால் பால் காபி. அங்கேதான் இந்தக் குழாய் நமக்கு உறவாகிறது. 18, 20 கிராம் தூளுக்கு 80 மில்லி தண்ணீர் மட்டும் விட்டு அழுத்தினால் வருவது கிட்டத்தட்ட டிகாக்ஷன்தான். சுடவைத்த பாலில் விட்டு ஆற்றிக் குடிக்கலாம். பால் கெடாமலிருக்க, குளிர்பெட்டி இல்லாத பயணத்தில் அட்டைப்பெட்டிப் பால் எடுத்துப்போவது நல்லது. சிறிய பெட்டியாக வாங்குங்கள். திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான். தூள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கடையில் 80க்கு 20 என்று சிக்கரி கலந்து வாங்குகிற பழக்கத்தை இந்தக் குழாய்க்கு மட்டும் விட்டுவிட வேண்டும். சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுக்கும். தாள் அடைத்துக்கொண்டு கை வலிக்கும். பீபெரியோ பிளான்டேஷன் ஏவோ சிக்கரி இல்லாமல் வாங்கி, ஃபில்டருக்கு அரைப்பதைவிட ஒரு மாற்று பெரிதாக, பொடியுப்புப் பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது கொட்டையாகவே கொண்டுபோவது. அரைத்த தூள் சில நாளில் மணத்தை இழந்துவிடும். பையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். ஜப்பானில் போர்லெக்ஸ் என்ற நிறுவனம் பீங்கான் பற்கள் வைத்த ஒல்லியான எஃகு அரைவை ஒன்று செய்கிறது. அதன் சிறிய வகை ஏரோபிரஸின் உள்குழாய்க்குள் அளவெடுத்ததுபோல் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து ஒரு கோப்பைக்கான கொட்டையை அரைக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் தண்ணீர் கொதித்திருக்கும். வெளியூரில் நல்ல காபிக்கும் சுமாரான காபிக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் என்பது என் துணிபு. எந்தக் குழாய், எந்த அடுப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

செய்முறை எளிது. தாளை வெந்நீரில் நனைத்துக் குழாயைக் குவளை மேல் வைத்து, 15 கிராம் தூள் போட்டு, கொதி அடங்கின தண்ணீரை ஊற்றிப் பத்து வினாடி கலக்கி, உள்குழாயைச் செருகி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக அழுத்த வேண்டும். மெதுவாக என்றால் அரை நிமிடம். எதிர்ப்பு வந்தால் முரட்டுத்தனமாகத் தள்ளாமல் சற்று நிறுத்திவிட்டுத் தொடருங்கள். உஸ்ஸென்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடலாம். போட்டிக்காரர்கள் விரும்பும் தலைகீழ் முறையைக் கூடாரத்தில் செய்யவே கூடாது என்பேன். உள்குழாயின் மேல் வெளிக்குழாயை நிறுத்தி, கொதிநீரை நிரப்பி, பிறகு எல்லாவற்றையும் புரட்டிக் குவளை மேல் கவிழ்க்கும் வித்தை அது. சமமான மேடையில், ஈரமில்லாத கையால் செய்தாலே சறுக்கும். புல்தரையிலும் பாறை மேலும் செய்தால் தொடையில் கொப்புளம்தான் மிஞ்சும். குவளையும் வாய் அகன்ற, அடி கனத்த உலோகக் குவளையாக இருக்கட்டும். முழங்கால் உயரத்தில் தட்டையான கல்லோ கேரவன் படிக்கட்டோ கிடைத்தால் உடம்பின் எடையே அழுத்தும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அடுப்புக்கு வருவோம். சிறிய கேஸ் குப்பிகளில் பியூட்டேன் மட்டும் இருந்தால் பூஜ்ஜியம் டிகிரி குளிரில் அது ஆவியாக மறுக்கும். குப்பி நிறைந்திருந்தும் அடுப்பு எரியாது. பனி விழும் இடத்துக்கு ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி வேண்டும். விமானத்தில் எந்தக் குப்பியையும் அனுமதிக்க மாட்டார்கள், போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும். காட்டுக்குள் வனத்துறை அனுமதிக்காத இடத்தில் அடுப்பைப் பற்றவைப்பது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி மாண்டதை நாம் மறக்கக் கூடாது. கோடையில் காய்ந்த போதைப்புல் நிற்கும் சரிவுகளில் ஒரு பொறி போதும். அப்படிப்பட்ட நாள்களில் காலையில் தங்குமிடத்திலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய்விடுங்கள். நல்ல ஃபிளாஸ்கில் சில மணி நேரம் கழித்தும் 80 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். இந்தக் குழாய்க்கு அது போதும். தீயே இல்லாமல் மலையுச்சியில் சூடான புதுக் காபி கிடைக்கும்.

விழுந்த சக்கை வில்லையைப் புதருக்குள் எறியாதீர்கள். மண்ணோடு போய்விடும் பொருள்தானே என்று தோன்றும். ஆனால் நூறு பேர் வந்து போகிற முகாமில் நூறு வில்லைகள் சேரும். அவை மட்க நாளாகும், மணத்துக்கு விலங்குகளும் வரும். காய்ந்த வில்லைக்கு ஒரு சிறிய ஜிப் பை போதும், ஊருக்கு வந்து செடிக்குப் போடலாம். வடிதாளை அலசி மறுபடியும் பயன்படுத்தலாம். தாளே வேண்டாம் என்பவர்களுக்கு எஃகில் நுண்துளையிட்ட தகடு கிடைக்கிறது. தகடு எண்ணெயையும் உள்ளே விடுவதால் காபி கனமாக இருக்கும். எனக்குத் தாள்தான் பிடித்தது. கெட்டியாக வறுத்த நம் ஊர்க் கொட்டையின் முரட்டுத்தனத்தை அது அடக்கித் தருகிறது.

குழாயின் உடம்பும் வழியில் மாறியது. தொடக்கத்தில் பாலிகார்பனேட். பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்ஃபீனால் ஏ பற்றிய கவலை மக்களிடம் பரவியபோது 2009இல் வேறு பிளாஸ்டிக்குக்கும், பின்னர் பாலிபுரொப்பிலீனுக்கும் மாறினார்கள். சாம்பல் நிறத்தில் பார்த்திருப்பீர்களே, அது இந்த வகை. 2019இல் குவளைக்குள்ளேயே முழுக்கருவியும் அடங்கும் ஏரோபிரஸ் கோ வந்தது. முதன்முறையாகப் பயணிகளை மனத்தில் வைத்தே செய்த குழாய். பயணிகள் அதற்குள் பத்தாண்டுகளாகப் பழைய குழாயைக் காலுறைக்குள் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு போயிருந்தார்கள். 2017இல் ஏரோபி வளையத் தொழில் வேறு கைக்குப் போனது. காபிக் குழாய் தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2021இல் கனடாவின் டைனி நிறுவனம் அதில் பெரும்பங்கை வாங்கியது. அதன்பின் ஒளி ஊடுருவும் குழாய், இரண்டு பேருக்கான பெரிய குழாய், கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த உயர்விலைக் குழாய் என்று வரிசையாக வருகின்றன.

கண்ணாடிக் குழாய் பார்வைக்கு அழகு, மேசையில் வைத்துக்கொள்ளலாம். சாலைக்குப் போகிறவர்கள் சாம்பல் நிறக் குழாயையோ ஏரோபிரஸ் கோவையோ வாங்குங்கள். கேரவனில் இரண்டு பேர் போனால் பெரிய குழாய் பொருந்தும். தேய்கிற பாகம் ஒன்றே ஒன்றுதான், அந்த ரப்பர் மூடி. அதைத் தனியாக வாங்கி மாற்றலாம். பைக்குள் வைக்கும்போது உள்குழாயைப் பாதியில் நிறுத்தாமல் மறுமுனை வரை தள்ளிவிட்டோ, முழுதாக வெளியே எடுத்தோ வையுங்கள். அழுந்தியே கிடந்தால் ரப்பர் சுருங்கி, காற்று கசிந்து, காபி அழுத்துவதற்கு முன்பே ஒழுகத் தொடங்கிவிடும்.